எதற்கு மேல் மிகை?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். கடிதம், ஒப்பந்தம், அறிக்கை என்று கைக்கு வருவதையெல்லாம் செய்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சில சொற்கள் தனியாக வராது, ஜோடி போட்டுக்கொண்டுதான் வரும். 'ஓவர்வீனிங்' (அளவு மீறிய) என்ற சொல் கண்ணில் பட்டால் அடுத்த சொல்லைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: பெருமை, ஆணவம், பதவி ஆசை, இவற்றில் ஒன்று நிற்கும். 'இன்ஃபிளேட்டட்' (ஊதிப் பெருத்த) என்று வந்தால் பின்னால் விலை வரும், இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய ஈகோ வரும். ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர், ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து திரிகிறதோ அதை வைத்தே அந்தச் சொல்லை அறியலாம் என்று 1957-இல் எழுதினார். 1919 முதல் 1928 வரை லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். அகராதியைப் புரட்டிப் புரட்டி நான் கற்றுக்கொண்டதைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

இந்த ஜோடிகளில் ஒரு கூட்டம் மட்டும் எனக்குத் தீராத உறுத்தலாக இருந்து வருகிறது. தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறவரைச் சொல்லும் கூட்டம். 'இன்ஃபிளேட்டட் சென்ஸ் ஆஃப் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்', 'எக்ஸாஜரேட்டட் ஒப்பினியன் ஆஃப் ஹிம்செல்ஃப்', 'டெலூஷன்ஸ் ஆஃப் கிராண்டர்', 'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்', 'டூ பிக் ஃபார் ஹிஸ் பூட்ஸ்'. ஆங்கிலம் இந்த ஒரு குறையைச் சொல்ல எத்தனை வழி வைத்திருக்கிறது என்று வியந்து, இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து பேச்சிலும் எழுத்திலும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் முதலாவதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் ஊதிப் பெருத்திருப்பது முக்கியத்துவம் அல்ல, முக்கியத்துவம் பற்றிய எண்ணம். அதாவது, உனக்கென்று ஒரு முக்கியத்துவம் இருக்கிறது, அதன் சரியான அளவு எனக்குத் தெரியும், நீ அதைத் தாண்டி நினைக்கிறாய் என்று சொல்கிறது அந்தத் தொடர். திட்டு வாங்குபவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தாலும், திட்டுபவரின் உரிமை ஒன்றையும் அது சத்தமில்லாமல் நிலைநாட்டிவிடுகிறது. 'ஓவர்-இன்ஃபிளேட்டட் ஈகோ' இன்னும் ஒரு படி மேலே. ஏற்கெனவே ஊதியதற்கு முன்னால் 'ஓவர்' எதற்கு? டயரில் காற்று இருக்கத்தான் வேண்டும், குறித்த அழுத்தத்துக்கு மேல் போகக் கூடாது என்கிற மாதிரி, எல்லோருடைய ஈகோவிலும் கொஞ்சம் காற்று நியாயம்தான் என்று அந்தத் தொடர் ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அந்தக் குறித்த அழுத்தத்தைக் குறித்தவர் யார்?

காற்று, பஞ்சு, உயரம்

சொற்களின் வேரைத் தோண்டிப் பார்த்தால் இந்தக் கூட்டம் முழுவதும் சில படிமங்களுக்குள் அடங்கிவிடுகிறது. முதலாவது காற்று. 'இன்ஃபிளேட்' என்பதற்குள் இருப்பது ஊதுதல் என்ற லத்தீன் வினை. மாட்டைப் பார்த்துத் தன்னை ஊதிக்கொண்டே போய் வெடித்துச் செத்த ஈசாப்பின் தவளையை எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்துத் தொடர்கள் பலவும் அந்தத் தவளையின் வயிற்றிலிருந்து வந்தவைபோலத்தான் இருக்கின்றன. இரண்டாவது பஞ்சு. 'பாம்பாஸ்ட்' என்று இன்று நாம் வெற்று ஆரவாரப் பேச்சைச் சொல்கிறோம். அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பஞ்சு என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் ஆண்களின் மேலங்கி எடுப்பாகத் தெரிய உள்ளே திணித்த பஞ்சு. ஆளைப் பெரிதாகக் காட்டிய அந்தத் திணிப்பு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைப் பெரிதாகக் காட்டும் திணிப்புக்குப் பெயராகிவிட்டது. 'ஸ்டஃப்ட் ஷர்ட்' என்ற பிற்காலத் திட்டிலும் அதே சங்கதிதான்: சட்டை விறைப்பாக நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை. மூன்றாவது உயரம். இறுமாப்பானவரைச் சொல்லும் 'ஹாட்டி' என்பதில் உயரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. 'ஹை ஹார்ஸ்' என்பதில் உயரமான குதிரை. அலட்சியமாகப் பார்ப்பவரைச் சொல்லும் 'சூப்பர்சிலியஸ்' என்பதில் லத்தீனில் புருவத்துக்கான சொல்: ஒற்றைப் புருவத்தைத் தூக்கி அடுத்தவரைப் பார்ப்பது. எனக்கு இந்தக் கூட்டத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான். மனதுக்குள் இருப்பதை ஊகிக்காமல், முகத்தில் தெரிவதைச் சொல்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வீண் பெருமைக்காரரைச் சொல்லும் 'வெயின்' என்ற சொல்லின் மூலம் வெறுமை. 'ஃபுல் ஆஃப் ஹிம்செல்ஃப்' என்றால் நிறைந்து கிடப்பவர். காலியாக இருப்பதும் குற்றம், நிறைந்திருப்பதும் குற்றம். தமிழ் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ஆங்கிலத்தில் தலை வீங்குகிறது, காற்றில் ஏறுகிறது. நமக்குத் தலை கனக்கிறது. தலைக்கனம், மண்டைக்கனம். அப்புறம் கொழுப்பு. ஆனால் குறைகுடம் கூத்தாடும் என்று சொல்லும்போது நாமும் வெறுமையின் பக்கம் போய்விடுகிறோம். எந்தப் படிமத்தைத் தேர்ந்தாலும் அதற்குரிய தண்டனையும் கூடவே வந்துவிடுகிறது. காற்று என்றால் குத்தி இறக்க வேண்டும், உயரம் என்றால் கீழே தள்ள வேண்டும், கொழுப்பு என்றால் அடக்க வேண்டும். 'டேக் ஹிம் டவுன் எ பெக்' (ஒரு படி கீழே இறக்கு) என்று ஆங்கிலத்திலும், 'வாலை ஒட்ட நறுக்கணும்' என்று தமிழிலும் சொல்லும்போது, வர்ணனை முடிந்து தண்டனை தொடங்கிவிடுகிறது. இந்தச் சொற்களை வெறும் வர்ணனை என்று நான் நம்பாததற்கு இது முதல் காரணம்.

ஈகோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிராய்ட் ஜெர்மன் மொழியில் எழுதியது 'நான்' என்ற வெறும் அன்றாடச் சொல்லைத்தான். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதற்கு லத்தீன் சட்டை மாட்டியபோது 'ஈகோ' ஆயிற்று. அதன்பின் அது 'நான்' ஆக இல்லாமல், என்னிடம் இருக்கும் ஒரு பொருளாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ஈகோவோடு சேரும் வினைகளைக் கவனியுங்கள்: தீனி போடலாம், தடவிக்கொடுக்கலாம், பிடித்துவிடலாம், அடிபட்டுக் கன்றிப்போகும். பெயரடைகளில் 'மாசிவ்' உண்டு, 'ஃபிராஜைல்' உண்டு. பிரம்மாண்டமானதும் அதுவே, தொட்டால் உடைவதும் அதுவே. தமிழ் அந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஈகோ பார்க்காதே' என்று ஒரே ஒரு வினையோடு சேர்த்துக்கொண்டது. கௌரவம் பார்க்கிறோம், காசு பார்க்கிறோம், ஈகோவும் பார்க்கிறோம். பார்க்காமல் விடலாம் என்ற வழியும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அது நல்ல மாற்றமாகவே படுகிறது.

எந்தத் திசையில் எறிகிறோம்

படிமங்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தத் தொடர்களின் திசை. 'ஜம்ப்ட்-அப்' (திடீரென்று மேலே ஏறிவிட்ட) என்ற பெயரடைக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 'ஜம்ப்ட்-அப் கிளார்க்' உண்டு. 'ஜம்ப்ட்-அப் ஆஃபீஸ் பாய்' உண்டு. 'ஜம்ப்ட்-அப் டியூக்' என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் டியூக் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறார், அவர் எங்கிருந்து குதித்து ஏற வேண்டும்? 'ஐடியாஸ் அபவ் ஹிஸ் ஸ்டேஷன்' என்பதும் அதே ரகம். ஒவ்வொருவருக்கும் விதித்த இடம் ஒன்று உண்டு, இவருடைய எண்ணங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டன என்பதுதான் குற்றச்சாட்டு. இவற்றில் மிகவும் கசப்பானது 'அப்பிட்டி' (திமிர் பிடித்த). அமெரிக்கத் தென் மாநிலங்களில், வெள்ளையர் முன் பணிந்து நடக்காத கறுப்பின மக்களை நோக்கி எறிந்த சொல் அது. நிமிர்ந்து நடந்ததே அந்தச் சொல்லுக்குப் போதுமான காரணமாக இருந்தது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் இன்றும் அதை விளையாட்டாக வாயில் எடுப்பதில்லை.

மறு திசையிலும் சொற்கள் உண்டு. படாடோபக்காரரைச் சொல்லும் 'பாம்பஸ்' என்பது ஊர்வலத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது நீதிபதி, அதிகாரி, பேராசிரியர் போன்றவர்கள் மேல்தான் நன்றாக ஒட்டும். 'டின்பாட்' (மட்டமான) என்று வந்தால் பின்னால் சர்வாதிகாரி. 'பெட்டி' (அற்பமான) என்று வந்தால் சிறு அதிகாரம் கையில் கிடைத்ததும் மற்றவர்களை ஆட்டிப்படைக்கும் அலுவலர். தன்னைக் கடவுளாக நினைத்துக்கொள்ளும் 'காட் காம்ப்ளெக்ஸ்' என்பது ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் 1913-இல் எழுதிய கட்டுரையில் விவரித்த விஷயம். இன்று அது பெரும்பாலும் உயிரைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர்களைப் பற்றிப் பேசும்போது வருகிறது. பிரிட்டனின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவனும் மனநல மருத்துவர் ஜோனதன் டேவிட்சனும் 2009-இல் 'ஹியூப்ரிஸ் சிண்ட்ரோம்' (அதிகாரச் செருக்குக் கோளாறு) என்ற கருத்தை முன்வைத்தார்கள். அமெரிக்க அதிபர்களையும் பிரிட்டிஷ் பிரதமர்களையும் நூறாண்டு அளவில் பார்த்து எழுதியது அது. பதவியால் வருகிறது, பதவி போனால் பெரும்பாலும் தணிகிறது என்பது அவர்களுடைய வாதம். அதாவது குறை ஆளிடம் பிறந்ததில்லை, நாற்காலியிலிருந்து தொற்றுகிறது. மேல் நோக்கி எறியும் சொற்களில் இவ்வளவு நிதானமான விளக்கம் கிடைப்பதும், கீழ் நோக்கி எறியும் சொற்களில் வெறும் எரிச்சல் மட்டுமே இருப்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு திசையும் ஒரே சொல்லில் கலந்து கிடப்பதும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'நேபாப்' என்று ஒரு வசவு இருந்தது. நம் நவாப்தான் அது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போய்ப் பெரும் பணத்தோடு திரும்பி, மாளிகை வாங்கி, நாடாளுமன்ற இடமும் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர். அந்தப் பணம் எப்படி வந்தது என்ற நியாயமான கோபம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. நேற்று வரை நமக்குக் கீழே இருந்தவன் இன்று நமக்குச் சமமாக உட்காருகிறானே என்ற பழைய பிரபுக்களின் எரிச்சலும் அதே சொல்லுக்குள் இருந்தது. சொன்னவர்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. பிரிக்காமல் இருப்பதில் அவர்களுக்கு வசதி இருந்தது.

தமிழ் இதில் ஒன்றும் சுத்தமில்லை. 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்கிறோம். சின்ன வயதிலிருந்து கேட்ட பழமொழி, கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் குடை யாருடைய அடையாளம்? அரசனுக்குப் பகலிலும் இரவிலும் குடை பிடிக்க ஆள் இருந்தபோது அதைப் பற்றிப் பழமொழி வரவில்லை. குடைக்கு வழியே இல்லாமல் இருந்தவன் கையில் குடை வந்ததும்தான் வேளை, பொழுதெல்லாம் நினைவுக்கு வந்தது. 'நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குது' என்பதும் அப்படியே. பெரிய இடத்துப் பிள்ளை பெரிய கனவு கண்டால் லட்சியம். மற்றவர்கள் கண்டால் நெனப்பு. கர்வம், செருக்கு, இறுமாப்பு எல்லாம் ஓரளவு வளமான மனிதர்களுக்கு. திமிரும் கொழுப்பும் சின்னவர்களுக்கும் பெண்களுக்கும் என்று சொற்களைப் பங்கு போட்டே வைத்திருக்கிறோம். 'வித்யா கர்வம்' என்று சொல்லும்போது அதில் பாதி பாராட்டு. 'வாய்க்கொழுப்பு' என்பதில் பாராட்டுக்கு இடமே இல்லை.

ஒரு மதிப்பீட்டுத் தாள்

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள், ஒருநாள் தன் வருடாந்திர மதிப்பீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் அவளுக்குத் தெரியும், படித்துப் புரிந்துகொண்டும்விட்டாள். ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒருமுறை கேட்க வேண்டும் என்றாள். அச்சடித்த படிவம். கட்டங்களில் மதிப்பெண்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. கடைசிப் பக்கத்தில் மேலாளர் கையால் எழுதும் பகுதியில், நீல மையில், சாய்ந்த எழுத்தில், அவளுக்குத் 'தன் முக்கியத்துவம் பற்றி ஊதிப் பெருத்த எண்ணம்' இருப்பதாக ஒரு வரி. நான் மேலே சொன்ன அதே ஆங்கிலத் தொடர், எழுத்துக்கூட மாறாமல். அதற்குக் கீழே, கூட்டங்களில் அறிவுறுத்தல்களைக் கேள்வி கேட்கிறார் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். முதல் வரிக்கு இரண்டாவது வரியைத் தவிர வேறு ஆதாரம் அந்தத் தாளில் இல்லை.

நான் வழக்கமாகச் செய்வது போல வாயாலேயே மொழிபெயர்த்துச் சொன்னேன். "தன்னைப் பற்றி மிகையான எண்ணம் கொண்டவர்."

அவள் தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "மிகைன்னா எதுக்கு மேல அக்கா?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவள் கோபத்திலோ கிண்டலாகவோ கேட்கவில்லை. ஆய்வகத்தில் வேலை செய்கிறவளுக்கு அது சாதாரணக் கேள்வி. ஒரு அளவு மிகை என்றால் இயல்பு எவ்வளவு, எந்தக் கருவியால் அளந்தது, யார் அளந்தது என்று கேட்பதுதான் அவளுடைய தினசரி வேலை. கூட்டத்தில் அவள் என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். ஒரு கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அந்தப் பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறாள். பதிவு இல்லாமல் அந்தக் கருவியின் முடிவுகளில் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவள்தான் வயதில் சின்னவள், பதவியிலும் சின்னவள். 'மிகை' என்று எழுதியவர் அளந்தது அந்தப் பதவியை. அவளுடைய எண்ணத்தை அவர் எங்கே பார்த்தார்? பார்த்தது ஒரு கேள்வியை. அந்தக் கேள்வி வந்த உயரம் அவருக்குப் பொருந்தவில்லை, அதனால் அதைக் கேட்டவளின் மனதுக்குள் ஒரு வீக்கம் இருப்பதாக முடிவு கட்டிவிட்டார்.

இந்தத் தொடரின் பலமே அதுதான் என்று அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. 'கூட்டத்தில் குறுக்கே பேசுகிறார்' என்று எழுதியிருந்தால் எந்தக் கூட்டம், என்ன பேச்சு என்று கேட்கலாம். 'மற்றவர்களின் வேலையைத் தன் வேலை என்று சொல்கிறார்' என்றால் சரியா தவறா என்று பார்க்கலாம். 'தன்னைப் பற்றிய எண்ணம் ஊதியிருக்கிறது' என்பதை எப்படி மறுப்பது? இல்லை, நான் அவ்வளவுக்கு முக்கியமானவள்தான் என்று சொன்னால் குற்றச்சாட்டுக்கு அவளே சாட்சி சொன்னதாகிவிடும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு பக்கமும் அடைத்த சந்து. நேர்மையான ஒரு மதிப்பீட்டில் இப்படி ஒரு வரிக்கு இடமே இருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அந்த வரி உண்மையாகவே இருந்தாலும்கூட.

அவள் மேல்முறையீட்டில் வேறெதுவும் எழுதவில்லை. எந்தச் செயலை வைத்து இந்த வரி எழுதப்பட்டது என்று குறிப்பிட்டுச் சொல்லும்படி மட்டும் கேட்டாள். திரும்பி வந்த தாளில் அந்தத் தொடர் இல்லை. அதற்குப் பதிலாக, கருவிப் பதிவு பற்றிக் கூட்டத்திலேயே கேட்காமல் முன்னதாகத் தனியாகத் தெரிவித்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதில் அவளுக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்கு அவளால் பதில் எழுத முடிந்தது, எழுதவும் செய்தாள்.

அளவைச் சொன்னவர்கள்

'எதுக்கு மேல?' என்ற கேள்வியோடு பழைய எழுத்துகளைத் திரும்பப் படித்தபோது, நல்ல எழுத்துக்காரர்கள் அளவைச் சொல்லாமல் விடுவதில்லை என்று தெரிந்தது. அரிஸ்டாட்டில் தன் அறநூலில் மூன்று பேரைப் பிரிக்கிறார். பெரியவற்றுக்குத் தான் தகுதி என்று நினைப்பவர், உண்மையிலேயே தகுதியுள்ளவர். அவர் உயர்ந்த உள்ளம் கொண்டவர். தகுதி இல்லாமல் அப்படி நினைப்பவர் வெற்றுப் பெருமைக்காரர். தகுதி இருந்தும் தன்னைக் குறைத்து நினைப்பவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவரைப் பற்றி அவர் சொல்வதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தன்னைக் கூட்டி நினைப்பதைவிடக் குறைத்து நினைப்பதுதான் அதிகம் பேரிடம் இருக்கிறது, அதுவே மோசமானதும்கூட என்கிறார். நம் பேச்சு வழக்கில் இதற்கு நேர்மாறான காவல்தான் நடக்கிறது. கூடுதலாக நினைப்பவரைப் பிடிக்க ஆங்கிலத்தில் நூறு தொடர். குறைவாக நினைப்பவருக்கு நெடுங்காலம் 'மாடஸ்ட்', 'ஹம்பிள்' என்ற பாராட்டுகள்தான். அதையும் ஒரு கோளாறாகச் சொல்ல மனவியல் வர வேண்டியிருந்தது. 'இம்போஸ்டர்' (போலி ஆள்) என்ற சொல்லை வைத்துப் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் அந்த நிலையை விவரித்தது 1978-இல்தான். அவர்கள் பார்த்தது சாதித்த பெண்களை. சாதித்த பின்னும் தாங்கள் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த பெண்களை.

வள்ளுவர் 'அமைந்தாங் கொழுகான் அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்' என்கிறார். தன்னை வியந்தான் என்பதைப் படித்தவுடன் நாமும் யாராவது ஒரு தலைக்கனக்காரரை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? வலியறிதல். பொருட்பாலில், ஆள்பவனுக்குச் சொன்னது. என்ன அளவு என்பதும் அதே அதிகாரத்தின் முதல் குறளில் இருக்கிறது: வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி. இந்த நான்கையும் தூக்கிப் பார்க்காமல் தன்னை வியக்கிறவன் கெடுவான். அளவு இன்னது என்று சொல்லிவிட்டு, அதிகாரம் கையில் இருப்பவனைப் பார்த்து அளவறியாதவன் என்கிறார். அவர் அளக்கச் சொல்வதில் பிறப்போ, உட்கார வேண்டிய இடமோ இல்லை.

மருத்துவர்களுக்கும் இந்த அக்கறை இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் தற்காதல் ஆளுமைக் கோளாறு 1980-இல் சேர்ந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 9 அடையாளங்கள், குறைந்தது 5 இருந்தால்தான் நோய். முதல் அடையாளமே 'கிராண்டியோஸ் சென்ஸ் ஆஃப் செல்ஃப்-இம்பார்ட்டன்ஸ்'. ஆனால் அங்கே அது அப்படியே தொங்கவில்லை. அதற்கேற்ற சாதனை இல்லாமலே தன்னை மேலானவராக மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்று பக்கத்திலேயே விளக்கம் இருக்கிறது. அந்தத் தொடர் மருத்துவமனையை விட்டு வெளியே வரும்போது விளக்கத்தை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறது. 'டெலூஷன்ஸ் ஆஃப் கிராண்டர்' இன்னும் வேதனையான கதை. தான் ஒரு தேவதூதர், தான் ஒரு சக்கரவர்த்தி என்று தீவிர மனநோயில் உறுதியாக நம்பும் மனிதர்களின் நிலை அது. அவர்களும் அவர்கள் வீட்டாரும் படும் பாடு கொஞ்சமில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்த ஒருவரைக் கேலி செய்ய அதை எடுத்து வீசும்போது, விண்ணப்பித்தவரோடு அந்த நோயாளிகளுக்கும் சேர்த்து அடி விழுகிறது.

ஃபர்த் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. திமிர் என்ற சொல்லும் செருக்கு என்ற சொல்லும் பெண்ணை நோக்கி வரும்போது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பாரதி புதுமைப் பெண்ணைப் பாடும்போது 'திமிர்ந்த ஞானச் செருக்கு' என்றான். இரண்டு வசவுகளுக்கு நடுவே 'ஞான' என்று ஒரு சொல்லை வைத்தான். முன்னால் நிமிர்ந்த நன்னடையையும் நேர்கொண்ட பார்வையையும் நிறுத்தினான். சேர்க்கை மாறியதும் வசவு இரண்டும் பெருமை ஆகிவிட்டன. அந்த ஆய்வகப் பெண்ணின் தாளைப் பார்த்த நாளிலிருந்து இந்த வரியை நான் முன்பு படித்தது போலப் படிக்க முடிவதில்லை. எதற்கு மேல் என்று கேட்கிறவளுக்கு என்னிடம் இருக்கும் நல்ல மொழிபெயர்ப்பு அதுதான்.

இத்தனையும் சொன்னதால், தன்னைப் பெரிதாக நினைத்து மற்றவர்களை நசுக்குகிறவர்களே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லச் சொற்கள் வேண்டும், கூர்மையான சொற்களாகவே வேண்டும். அந்தச் சொற்கூட்டத்தில் எனக்கு முழு மரியாதை உள்ள சேர்க்கை 'செல்ஃப்-அப்பாயிண்டட்'. 'செல்ஃப்-அப்பாயிண்டட் கார்டியன்', 'செல்ஃப்-அப்பாயிண்டட் ஸ்போக்ஸ்மேன்'. பண்பாட்டுக்குக் காவலன், மக்களுக்குப் பிரதிநிதி என்று கிளம்பி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பெயரடை கிடைக்கிறது. இது அவர்களுடைய மனதுக்குள் எட்டிப் பார்த்து வீக்கம் எவ்வளவு என்று சொல்வதில்லை. சரிபார்க்கக் கூடிய ஒன்றைச் சொல்கிறது. தேர்தல் நடந்ததா, நியமன ஆணை இருக்கிறதா, அந்த மக்கள் இவரைப் பேசச் சொன்னார்களா? இருந்தால் எடுத்துக் காட்டலாம், பேச்சு அத்தோடு முடிந்தது. அலுவலக நடையில் அதைத் 'தன்னைத் தானே நியமித்துக்கொண்ட' என்று எழுதுகிறேன். பேச்சு நடையாக இருந்தால் தமிழில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: "உன்னை யாரு நாட்டாமையா வச்சது?"